வத்தை ஒழுகின சேதி

மணமேல்குடிக்குத் தெற்கே, இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்தே போகக்கூடிய சாதுவான கடற்கரையில் சந்தியாகுப்பட்டினம் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் ஒரு புது வத்தை கரையில் கிடந்து காய்ந்துகொண்டிருந்தது. வத்தை என்றால் பாய் கட்டி ஓட்டுகிற பலகைப் படகு. பலகை, அதை உள்ளிருந்து தாங்குகிற விலாச் சட்டமான வங்கு, பாய்மரம் எல்லாம் தயார். கோட்டைப்பட்டினத்துத் தச்சர்கள் வேலையை முடித்துக்கொண்டு மார்கழியிலேயே போய்விட்டார்கள். பாக்கி கலப்பத்து ஒன்றுதான். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் எண்ணெயில் ஊறிய பஞ்சைத் திரித்து வைத்து, உளியும் மரக் கொட்டாப்புளியும் கொண்டு அடித்து இறக்கி, மேலே குங்கிலியம் பூசுகிற வேலைக்குத்தான் அந்தப் பெயர். அது நடக்காமல் எந்த வத்தையும் மிதக்காது.

வத்தை லூர்துநாதனுடையது. இருபத்து நாலு வயசுப் பையன், ஊரான் வத்தையில் பங்குக்குப் போய்ப் போய் அலுத்தவன். லூர்து மாதா திருநாளன்று வத்தையை இறக்கிவிடுவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஆனால் அந்தக் கரையில் ஒரு முறை உண்டு. எந்த வீட்டு வத்தையோ அந்த வீட்டுப் பெரிய ஆம்பளைதான் முதல் பஞ்சை வைத்து முதல் அடி அடிக்க வேண்டும். பிறகு யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். முதல் பஞ்சு விழாத வத்தையில் கூலிக்காரன் கை வைக்கமாட்டான். ஏறுவதற்கும் ஆள் வராது. லூர்துநாதனின் அப்பா பங்கிராஸ் திடமாகத்தான் இருந்தார். கையும் காலும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் பஞ்சைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

தொடாததற்குக் காரணம் ஊருக்குத் தெரியாது. பெண்டாட்டி வியாகுலமேரிக்கு மட்டும் தெரியும். தெரிந்து அவள் பட்ட பாடு மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

பங்கிராஸிடம் முன்பு ஒரு வத்தை இருந்தது. அவருடைய அப்பா காலத்து வத்தை. ஐம்பத்தைந்தில் காய்ச்சல் வந்து நாலைந்து மாதம் பாயும் படுக்கையுமாகக் கிடந்தபோது அதை விற்கும்படி ஆயிற்று. பிச்சை என்கிற தரகன் யாரோ தெற்கத்தி ஆட்களைப் பேசி முடித்துவிட்டு, விடிந்தால் வண்டி வரும் என்றான். சித்திரை வெயிலில் வத்தை மாதக்கணக்காகக் கரையில் கிடந்து, பலகையெல்லாம் சுருங்கி, பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்படிக் காய்ந்த வத்தையை முதலில் உப்பங்கழியில் முக்கி ஊறப்போட வேண்டும். மரம் தண்ணீர் குடித்து உப்பிய பிறகு, மிச்சமிருக்கிற இடுக்கில் மட்டும் பஞ்சு வைக்க வேண்டும். கரையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். பங்கிராஸுக்கு அதற்குப் பொழுது இல்லை. பல்லைக் காட்டுகிற வத்தையைக் கொடுத்தால் பங்கிராஸ் வத்தை இப்படித்தான் இருக்குமா என்று எவனாவது சொல்லிவிடுவானே என்று ரோஷம் வேறு. காய்ச்சல் உடம்போடு உட்கார்ந்து, காய்ந்த மரத்திலேயே இடுக்கு கொள்ளுகிற மட்டும் பஞ்சைத் திணித்து அடித்துவிட்டார். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் வந்த ஆட்களுக்கு வியாகுலமேரிதான் கஞ்சி ஊற்றினாள். பங்கிராஸ் பார்க்க மனசில்லாமல் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். வந்தவர்களில் ஒருவர், வலது காது மடல் கிழிந்த ஆள், வத்தையைச் சுற்றிச் சுற்றி வந்து இதில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அவளிடம் கேட்டார். வத்தை வாங்க வந்தவர் கேலி பேசுகிறார் என்று அவளும் சிரித்து வைத்தாள். இரட்டை மாட்டு வண்டியில் வத்தையைக் கவிழ்த்துக் கட்டி, பாயையும் பாய்மரத்தையும் தனி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

காய்ச்சல் இறங்கிப் புத்தி தெளிந்த பிறகுதான் பங்கிராஸுக்குத் தான் செய்தது உறைத்தது. காய்ந்த மரத்தில் இறுக்கி அடைத்துவிட்டால், தண்ணீர் பட்டு மரம் உப்பும்போது அதற்கு உப்ப இடம் இருக்காது. பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு விலகும். வங்கு முறியும். நடுக்கடலில் போகிற நேரத்தில் அது நடந்தால் ஏறினவன் கதி என்ன? ஆள் விடலாம் என்றால் யார், எந்த ஊர் என்று தெரியாது. தெரிந்த பிச்சை ஆடியில் வயிற்றுப்போக்கு வந்து செத்துப்போனான். அந்தக் கார்த்திகையில்தான் பெரும்புயல் அடித்தது. தெற்கே எங்கோ மணலில் ஒரு வத்தை கவிழ்ந்து கிடக்கிறதென்றும், புயலில் மோதி உடைந்ததுபோல் இல்லை, உள்ளிருந்து பிளந்துகொண்டதுபோல் இருக்கிறதென்றும் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். பங்கிராஸ் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அதற்கப்புறம் கடலுக்கும் போகவில்லை. கரையோடு உட்கார்ந்து வலை பின்னுவதும் கிழிசல் முடிவதுமாகக் காலம் போயிற்று. போய்க் கேட்டால் நிஜமாகிவிடும் என்று பயந்து, அந்த வத்தையைப் பற்றி ஒருவரிடமும் அவர் கேட்கவே இல்லை.

இத்தனை வருஷம் ஊமையாக இருந்த சங்கதி, புது வத்தை வந்ததும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. லூர்துநாதன் கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான். ஒரு நாள் காலையில் கஞ்சிக் கலயத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான்.

"திருநாள் வரைக்கும் பாப்பேன். முதல் பஞ்சு விழலன்னா நான் நாகப்பட்டினம் போயிருவேன். அங்கிட்டு எவன் வத்தையிலயாவது ஏறிக்கிறேன். இது இங்கயே கெடந்து மக்கட்டும்."

பங்கிராஸ் வலையிலிருந்து தலை தூக்கவில்லை. "நாகப்பட்டினத்து வத்தையில நீ போனா உசுரோட திரும்பி வருவ. என் கை பட்டதுல ஏறாத" என்று மட்டும் சொன்னார்.

மகன் விடுவிடென்று கரைக்குப் போய்விட்டான். வியாகுலமேரிக்கு வயிறு எரிந்தது. ஒருத்தன் வாய் திறக்கமாட்டான், இன்னொருத்தன் ஊரைவிட்டே போகிறேன் என்கிறான். நடுவில் கிடந்து சாவது நான்தானே என்று கருவாட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அறந்தாங்கி பஸ்ஸுக்கு நடந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு வியாபாரம் நன்றாக நடக்கும்.

தை மாதச் சந்தை சொல்லவேண்டியதில்லை. அறுப்பு முடிந்து கையில் நெல் இருக்கிற குடியானவர்கள் நெத்திலியும் சாளையும் கேட்டு மொய்த்தார்கள். உச்சிப்பொழுதுக்குள் கூடை காலி. வெற்றிலை வாங்கலாம் என்று வண்டிகள் அவிழ்த்துக் கிடந்த புளியந்தோப்புப் பக்கம் போனவள் சட்டென்று நின்றாள். ஒரு வண்டியில் நெல் மூட்டைகள். மேலே பழைய துணி ஒன்றைப் போர்த்திக் கட்டியிருந்தார்கள். பட்டைச் சாயம் போட்ட தடித்த துணி, வெளுத்துச் செம்மண் நிறமாகிவிட்டது. அதன் நடுவில் கை அகலத்துக்கு ஒரு கண்டாங்கித் துண்டு ஒட்டுப் போட்டிருந்தது.

அது அவளுடைய கல்யாணச் சேலையின் முந்தானைத் துண்டு. முன்னொரு காலம் பாய் கிழிந்தபோது வேறு துணியில்லாமல் அதை வெட்டி வைத்து அவளேதான் தைத்தாள். தையல் அவளுக்குத் தெரியாது. வலை முடிகிற நூலை எடுத்து, வலை முடிச்சாகவே சுற்றிலும் போட்டு வைத்தாள். துணியில் வலை முடிச்சுப் போடுகிற பைத்தியக்காரி அறந்தாங்கித் தாலுகாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அவள் கிட்டே போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

வண்டி நிழலில் ஒரு பெண்பிள்ளை புளிச்சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நிறையப் பாசிமணி, வாய் நிறைய வெற்றிலை. பெயர் சொர்ணவல்லி என்று பிறகு தெரிந்தது.

"என்ன ஆத்தா, துணியத் தடவிப் பாக்குறீங்க?" என்றாள்.

இந்தப் பாய் எங்கே கிடைத்தது என்று வியாகுலமேரி கேட்டாள். கேட்கும்போதே, செத்தவன் வீட்டுச் சாமானை யாரோ ஏலத்தில் எடுத்திருப்பார்கள், அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று மனசுக்குள் செபமாலை உருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"அதையேன் கேக்குறீங்க" என்று சொர்ணவல்லி வெற்றிலையை ஒதுக்கினாள். "எங்க வீட்டு ஆளு ஒரு படகு வாங்குனாரு. கம்மாயில அக்கரைக்குப் போக வர. கடக்கரைப் பய ஒருத்தன் ஓட்டப் படகத் தலையில கட்டிட்டான். தண்ணியில தள்ளுன அன்னைக்கே ஒழுகி முங்கிருச்சு. அவன் கையில புத்து வைக்க. இந்தத் துணி மூட்டைக்கி மூட ஆகுது."

வியாகுலமேரி இன்னும் கிட்டே நகர்ந்தாள். "முங்குனப்ப ஆளு இருந்தாங்களா அதுல?"

"எங்க வீட்டு ஆளுதான் இருந்தாரு. முழங்காத் தண்ணி. வேட்டி நனஞ்சதுதான் மிச்சம். ஊரே சிரிச்சுச்சு."

வியாகுலமேரி அப்படியே வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. கையில் புத்து வைக்க என்று யாராவது தன் புருஷனைத் திட்டி அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இன்னும் இரண்டு திட்டு திட்டமாட்டாளா என்றிருந்தது. சொர்ணவல்லி பயந்துபோய்ச் செம்பை நீட்டினாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தக் கடற்கரைப் பயல் பெண்டாட்டி நான்தான் என்று சொன்னாள்.

சொர்ணவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வைததை வாபஸ் வாங்கவும் மனசில்லை, வந்தவளைப் பகைக்கவும் மனசில்லை. கடைசியில், "சரி, வண்டியில ஏறுங்க. படகப் பாத்துட்டு வருவீங்க. கம்மாய் கிட்டத்துலதான்" என்றாள்.

வேம்பங்கண்மாய் என்ற அந்த ஊர் அறந்தாங்கிக்கு மேற்கே. வழி நெடுக அறுத்த தாளும் வைக்கோல் போருமாகக் கிடந்தது. கடல் இல்லாத ஊருக்குள் வத்தையைத் தேடிப் போவதை நினைத்தால் வியாகுலமேரிக்கே வேடிக்கையாக இருந்தது. வத்தை என்றால் கடல்தான் என்று வைத்துக்கொண்டு, தெற்கத்தி ஆள் என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, மணலில் கிடந்த யார் வத்தையையோ தன் வத்தை என்று எண்ணி, இத்தனை வருஷம் ஒரு மனுஷன் தனக்குத்தானே தூக்குப் போட்டுக்கொண்டானே என்று இருந்தது. முன்பக்கம் எது என்று கேட்டாரே அந்த ஆள், அப்போதாவது எனக்கு உறைத்திருக்கக் கூடாதா என்று தன்னையும் வைதுகொண்டாள்.

ஊருக்குள் நுழையும்போதே கிணற்றடி ஏற்றத்தில் அவளுக்குப் பழக்கமான மரம் ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வத்தையின் பாய்மரம். அதைத் துலாவாக்கி இரண்டு பேர் மிதித்து வாழைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கண்மாய்க் கரை ஏறினால், நிறைந்த தண்ணீர். அல்லிக்கொடிக்கு நடுவில் வத்தை வந்துகொண்டிருந்தது. மேலே கதிர்க்கட்டு. பின்னால் நின்று கோல் ஊன்றுகிறவர் காது கிழிந்த அந்த ஆள்தான், சொர்ணவல்லியின் புருஷன் சிவசாமி. தலை நரைத்திருந்தது, உடம்பு அப்படியே இருந்தது. முன்முனையான அணியத்தில் அவள் மாமனார் செதுக்கிய சிலுவைக்கு மேலே யாரோ திருநீறும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருந்தது.

வத்தை கரை தட்டியதும் வியாகுலமேரி சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். பலகையை ஒவ்வொன்றாகத் தடவினாள். ஒன்றும் விலகவில்லை. ஒரு வங்கும் முறியவில்லை. இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தால் பஞ்சே இல்லை. கந்தல் துணியும் களிமண்ணும்தான் இருந்தது.

"இதுல வச்ச பஞ்சு எங்க?" என்று கேட்டாள்.

சிவசாமி பெண்டாட்டியைப் பார்த்தார். சொர்ணவல்லி கண்மாயைப் பார்த்தாள்.

பிறகு அவள்தான் சொன்னாள். சித்திரையில் படகு வந்தபோது கண்மாய் வறண்டு கிடந்தது. மழைக்காலம் வரைக்கும் கரைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதில் எண்ணெய்ப் பஞ்சு இருப்பதை யாரோ ஒருத்தி கண்டுபிடித்து, விளக்குத் திரிக்கு ஆகுமென்று கொஞ்சம் பிடுங்கினாள். நின்று எரிந்தது. அடுத்தவள் பிடுங்கினாள். அடுப்புப் பற்றவைக்க, மாடத்துக்கு, கோயிலுக்கு என்று ஐப்பசி வருவதற்குள் படகைச் சுத்தமாக உரித்துவிட்டார்கள். மழை வந்து தள்ளியபோது ஒழுகாமல் என்ன செய்யும்? முங்கின படகை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து விறகுக்காவது ஆகட்டும் என்று தண்ணீரை இறைத்துப் பார்த்தால், அது ஒழுகாமல் நின்றது.

"எப்படி நின்னுச்சுன்னு இன்ன வரைக்கும் எனக்குத் தெரியலங்க" என்றார் சிவசாமி. "ஏதோ சாமி மனசு வச்சுச்சு. இருந்த ரெண்டொரு சந்துல துணிய வச்சு அடச்சேன். அந்தக் கார்த்திகைப் புயல்ல கம்மா ஒடஞ்சு ஊரச் சுத்தித் தண்ணி. இதுலதான் ஆடு, கோழி, ஆளுன்னு கோயில் மேட்டுக்குக் கொண்டு போனோம்."

எப்படி நின்றதென்று வியாகுலமேரிக்குத் தெரியும். பஞ்சு போன இடுக்கில் மரத்துக்கு உப்ப இடம் கிடைத்திருக்கிறது. ஊறி, உப்பி, தானாக மூடிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக ராவும் பகலும் பங்கிராஸ் புலம்பிப் புலம்பி அவளுக்கு இந்தப் பாடம் மனப்பாடம். இவர்கள் திரி பிடுங்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. சொர்ணவல்லியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். பஞ்சைத் திருடினதற்கு எதற்கு வாழ்த்து என்று சொர்ணவல்லிக்கு விளங்கவில்லை.

சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள். புது நெல்லுச் சோறும் கண்மாய்க் கெளுத்திக் குழம்பும். கடல் மீன் தின்று வளர்ந்த நாக்குக்கு அது சேற்று வாடை அடித்தது. ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கடைசி பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று சிவசாமியே வில்வண்டியில் கொண்டுவந்து அறந்தாங்கியில் ஏற்றிவிட்டார்.

அவள் ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பங்கிராஸ் புது வத்தையின் நிழலில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். வத்தையைத் தொடமாட்டார், அதன் நிழல் மட்டும் வேண்டும். அவள் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நம்ம பழைய வத்தையப் பாத்துட்டு வாரேன்" என்றாள்.

அவர் கை நின்றுவிட்டது.

"வாங்குன ஆளு இருக்காரு. நல்லா இருக்காரு. வத்தை கடலுக்கே போகலங்க. கம்மாயில கெடக்கு. ஒரு பலகை விலகல, ஒரு வங்கு முறியல. நான் தொட்டுப் பாத்தேன்."

அவர் நம்பவில்லை. பாயின் ஒட்டைச் சொன்னாள், சிலுவையைச் சொன்னாள், கிழிந்த காதைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் வாய் கோணிக்கொண்டு வந்தது. வலையை முகத்தில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். அழட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அவளுக்கும் கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. தூரத்தில் நின்ற லூர்துநாதன் எந்தச் சாவுச் சேதியோ என்று ஓடிவந்தான்.

அழுகை அடங்கியதும் வியாகுலமேரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள். இருபத்தைந்து வருஷக் குடித்தனம். எந்தக் கயிற்றை இழுத்தால் இந்த மனுஷன் எழுந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியாதா?

"ஆனா ஒண்ணு. மொத நாளே ஒழுகி முங்கிருச்சாம். ஓட்டப் படகத் தலையில கட்டிட்டான்னு ஒங்களத்தான் இன்ன வரைக்கும் வையுறாங்க."

பங்கிராஸ் நிமிர்ந்தார். "என்ன ஒழுகுச்சு?"

"நீங்க வச்ச கலப்பத்துதான்."

"என் கலப்பத்தா ஒழுகுச்சு? எவன் சொன்னான்?" அவர் எழுந்து நின்றுவிட்டார். "இறுக்கி அடச்சிட்டமேன்னு நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன். ஒழுகுச்சாமில்ல, ஒழுகுச்சு. கம்மாய்க்காரனுக்கு என்ன தெரியும் கலப்பத்தப் பத்தி? அடுத்த சந்தைக்கி நானும் வாரேன். அந்தாள நேரா கேக்குறேன்."

பேசிக்கொண்டே போனவர், அந்த வேகத்தில், தன்னையறியாமல் புது வத்தையின் இடுக்கில் நகத்தை விட்டுத் தடவினார். தடவின கை அங்கேயே நின்றது. மகனைத் திரும்பிப் பார்த்து ஒரு அதட்டு அதட்டினார்.

"மரம் இப்படிக் காஞ்சு கெடக்கு, வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற. நாலு பேரக் கூட்டியா. வத்தையக் கழிக்குள்ள இழுத்து முக்கு. நல்லா ஊறட்டும். ஊறுனப்பறம்தான் பஞ்சு."

லூர்துநாதன் அம்மாவைப் பார்த்தான். அவள் போ என்று கண்ணைக் காட்டினாள். அவன் கரையில் மணல் தெறிக்க ஓடினான்.

ஊறிய வத்தையைத் திரும்பக் கரையேற்றி, ஈரம் வடிந்த ஒரு காலையில் பங்கிராஸ் உளியும் கொட்டாப்புளியுமாக வந்து உட்கார்ந்தார். கரையில் கூட்டம். புன்னை எண்ணெயில் ஊறிய பஞ்சைத் தொடையில் வைத்துத் திரித்தார். சிலுவை போட்டுக்கொண்டு, அணியத்தின் பக்கம் முதல் இடுக்கில் அளவாக வைத்து, கொட்டாப்புளியால் ஓர் அடி அடித்தார். டங்கென்று சத்தம் கேட்டது. லூர்துநாதன் மூச்சு விட்டான்.

அப்போதுதான் வியாகுலமேரி பக்கத்தில் குனிந்து, திரிக்கதை முழுவதையும் சொன்னாள். பங்கிராஸ் கொட்டாப்புளியைத் தூக்கியவர் தூக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தோள் மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று தெரிய மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் சிரித்துப் பார்த்து அவர்களுக்கு வெகுநாளாயிற்று.

"விளக்கு நல்லா எரிஞ்சுச்சாமா?" என்று கேட்டார்.

"நின்னு எரிஞ்சுச்சாம்."

"எரியும். எண்ணெய் நல்ல எண்ணெய்" என்று சொல்லிவிட்டு அடுத்த அடியை அடித்தார்.